மூடி மாறிய குடுக்கைகள்

குளக்கரையில் ஒரு கரடி பலகாரக்கூடம் நடத்தி வந்தது. மழைக்காலத்தில் காட்டில் இரை கிடைப்பது அரிது. குட்டிகளை வைத்திருந்த விலங்குகள் எல்லாம் அந்த நாட்களில் கரடி சுடும் தினை அதிரசத்தை நம்பித்தான் இருந்தன.

கூடத்தில் மூன்று சுரைக்குடுக்கைகள் இருந்தன. மூன்றும் ஒரே கொடியில் காய்த்தவை. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றில் பலகாரம் சுடும் கடலை எண்ணெய். இன்னொன்றில் மாவரைக்கும் கல்லின் அச்சுக்குப் போடும் புங்க எண்ணெய். மூன்றாவதில் பாத்திரம் கழுவச் சாம்பலில் இறக்கிய காரநீர். புங்க எண்ணெய் உள்ளே போனால் குட்டிகளின் உடம்பு தாங்காது. காரநீர் போனால் தொண்டை வெந்துவிடும்.

அதனால் கரடி பெயர் எழுதி வைத்தது. முதலில் அடுப்புக்கரியால் எழுதியது. எண்ணெய்க் கை பட்டு அழிந்தது. இலையில் எழுதிக் கட்டியது. நீராவியில் அழுகி விழுந்தது. கடைசியில் அரக்கைக் காய்ச்சி மூடிகளின் மேல் எழுதியது. மேலிருந்தே படிக்கலாம், குனியவும் வேண்டாம். இனி அழியாது என்று நிம்மதியாக இருந்தது.

அழியவும் இல்லை. வினை வேறு வழியில் வந்தது.

ஒருநாள் காலை, மாவரைக்கும் கீரி கல்லின் அச்சுக்கு எண்ணெய் விட்டு அரைத்துக்கொண்டிருந்தது. திடீரென்று நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தது.

“அண்ணே, இங்கே பாருங்க. அச்சில் எறும்பு ஏறுது.”

“எறும்புக்கு வேலை இல்லை, ஏறுது. உனக்கு வேலை இருக்கு, அரை” என்றது கரடி. அது சட்டியில் அதிரசத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது.

“புங்க எண்ணெய்க் கசப்புக்கு ஈ கூட அண்டாதே. இன்னைக்கு மட்டும் ஏன் வருது?”

வாசலில் முயல் தன் குட்டிகளோடு நின்றது. முந்தின நாள் முழுக்க மழை. குட்டிகளின் வயிறு ஒட்டிக் கிடந்தது.

“கீரித் தம்பி, எறும்பை அப்புறம் விசாரி. என் பிள்ளைங்களுக்கு முதல்ல போடச் சொல்லு” என்றது முயல்.

கரடி இலையில் அதிரசத்தை வைத்து நீட்டியது. கீரிக்கோ மனம் கேட்கவில்லை. அச்சில் விரலை வைத்து, நக்கிப் பார்த்தது.

“அண்ணே, அச்சு கசக்கலை.”

“கசக்கலைன்னா உனக்கென்ன வருத்தம்?”

“அச்சில் கடலை எண்ணெய் இருக்குன்னா, உங்க சட்டியில் என்ன இருக்கு?”

கரடியின் கை அப்படியே நின்றது. அதற்குள் கடைக்குட்டி ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டது. முயல் பாய்ந்து அதன் தாடையைப் பிடித்துத் துப்ப வைத்தது.

“வெல்லத்துக்கு உள்ளே கசக்குதும்மா” என்றது குட்டி.

ஈர விறகின் புகையிலும் பாகின் மணத்திலும் கரடியின் மூக்குக்கு எதுவும் எட்டியிருக்கவில்லை. அது கோபத்தோடு நீர்நாயைக் கூப்பிட்டது. பாத்திரமும் மூடியும் கழுவுவது நீர்நாயின் வேலை.

“மூடியை மாத்தினியா?”

“இல்லைண்ணே. மூணையும் கழட்டினேன், மணல் போட்டுத் தேய்ச்சேன், மூணையும் போட்டேன். ஒண்ணு குறைஞ்சா கேளுங்க.”

“எது எதுக்குன்னு பார்க்க வேண்டாமா?”

“குடுக்கையில ஒண்ணுமே எழுதலையே. எதைப் பார்த்து எதை மூடுறது?”

கரடி மூன்று குடுக்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. எழுதியது சரி. கழுவியதும் சரி. படித்து ஊற்றியதும் சரி. அப்படியானால் தவறு எங்கே இருந்தது? ஒரு மூடியைக் கையில் எடுத்தது.

“நான் மூடிக்குத்தான் பெயர் வைச்சிருக்கேன். எண்ணெய்க்கு வைக்கவே இல்லை” என்றது.

எண்ணெயையும் அதிரசத்தையும் சட்டியோடு தூக்கிக் குழியில் கொட்டியது.

“அப்போ இன்னைக்கும் பட்டினியா?” என்றது முயல்.

“இல்லைக்கா. ஆனால் பெயர் வைக்காமல் சட்டி ஏறாது. கொஞ்சம் பொறுங்க.”

கீரி இரண்டு எண்ணெயையும் நாக்கில் தொட்டுப் பார்த்து எது எது என்று சொன்னது. மூன்றாவது குடுக்கையில் மஞ்சள் கிழங்கை நனைத்தது. கிழங்கு சிவந்தது. காரநீரேதான். கரடி கொள்ளிக்கட்டையால் குடுக்கைகளின் வயிற்றிலேயே சுட்டு வரைந்தது. கடலை எண்ணெய்க்குத் திறந்த வாய். புங்க எண்ணெய்க்குச் சக்கரம். காரநீருக்குப் படமெடுத்த பாம்பு. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

“இப்போ தேய்” என்றது நீர்நாயிடம்.

நீர்நாய் மணலைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தது. “போகலைண்ணே. இன்னும் தேய்க்கட்டுமா?”

“கை வலிக்கிற வரைக்கும் தேய்.”

கைதான் வலித்தது. படம் போகவில்லை. கரடி சட்டியைக் காரநீர் விட்டுக் கழுவி, குளத்து நீரில் பலமுறை அலசி, மறுபடி அடுப்பில் ஏற்றியது. புது அதிரசம் இலைக்கு வந்தபோது குட்டிகள் பாய்ந்தன. முயல் அவற்றைத் தடுத்துவிட்டு, தானே போய் எண்ணெய் ஊற்றிய குடுக்கையைத் திருப்பிப் பார்த்தது. திறந்த வாய் இருந்தது.

“சரி, தின்னுங்க” என்றது.

அடையாளம் அழியாமல் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் பொருளுக்கு உரியதோ அதை விட்டுப் பிரியாமலும் இருக்க வேண்டும்.