கம்பெனி போனும் கொத்தப்பட்டி பேண்டு செட்டும்

கொத்தப்பட்டி பேண்டு செட்டில் நாலு பேர். நாலு பேரும் நன்றாக வாசிப்பார்கள். வாசிக்காத நேரத்தில்தான் சிக்கல்.

கிளாரினெட் குருந்தப்பன் தலைவர். பெரிய டிரம் ஒச்சப்பன். டிரம்பெட் தவசி. ஜால்ரா மூக்கையா. யாராவது ஒன்றைச் சொன்னால் அதை அட்சரம் பிசகாமல் செய்துவிடுவார்கள். ஒரு கல்யாணத்தில், "மாப்பிள்ளை உள்ள வர்ற வரைக்கும் நிறுத்தாம வாசிங்க" என்று சொல்லி இவர்களை முன்வாசலில் நிறுத்தினார்கள். நல்ல நேரம் தவறிவிடும் என்று மாப்பிள்ளையைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போய்விட்டார்கள். அவர் தாலி கட்டி, சாப்பிட்டு, மறுவீட்டுக்கும் கிளம்பிவிட்டார். இவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். பந்தல்காரன் வந்து பந்தலைப் பிரித்தபோதும் வாசித்தார்கள். "அவர் உள்ள வந்ததை நாங்க பாக்கலையே" என்றார் குருந்தப்பன். 

கச்சேரிக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குத்தான் போன் செய்வார்கள். டீக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு மகளோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். போனும் அவரோடு போய்விட்டது. அது தெரியாமல் நாலு பேரும் பூட்டிய கடை வாசலில் ஆவணி மாதம் பாதிவரை உட்கார்ந்திருந்தார்கள். முகூர்த்தம் ஒவ்வொன்றாகக் கழிந்தது. பக்கத்து ஊர் பேண்டு செட்டுக்காரர்கள் வேனில் போகும்போது இவர்களைப் பார்த்துக் கை காட்டினார்கள். இவர்களும் காட்டினார்கள்.

கடைசியில் குருந்தப்பனின் மனைவி பேச்சியம்மாள்தான் சொன்னாள். "இப்பல்லாம் ஆளுக்கொரு போன் வெச்சிருக்காக. நீங்க நாலு பேருக்கு ஒண்ணாவது வாங்கித் தொலைங்க. இன்னும் ஒரு முகூர்த்தம் போச்சுன்னா அந்த டிரம்முல நான் புளி கொட்டி வெச்சிருவேன்."

ஒச்சப்பனுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் டவுனில் போன் கடைக்குப் போனார்கள். பெனிட்டா என்கிற பெண் கல்லாவுக்கு முன்னால் நின்றிருந்தாள். வருகிறவர்களிடம் எல்லாம் கேட்கிற கேள்வியைத்தான் இவர்களிடமும் கேட்டாள்.

"மொத்தமா வாங்குறீங்களாண்ணே, இல்ல ஒப்பந்தத்துலயா?"

குருந்தப்பன் கடையைச் சுற்றிப் பார்த்தார். நாலு சுவரிலும் கண்ணாடி அலமாரி. எல்லாவற்றிலும் போன்.

"மொத்தமா வாங்கி எங்கம்மா வெக்கிறது? எங்களுக்கு ஒண்ணு போதும்."

"கடையை இல்லண்ணே. ஒரு போனையே மொத்தமா வாங்குறதைச் சொல்றேன்."

"பின்ன?" என்றான் தவசி. "பாதி போனை வாங்கி நாங்க என்ன பண்றது?"

பெனிட்டா நல்ல பெண். மூச்சை இழுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"மொத்தமா வாங்குனா இன்னைக்கே முழு விலையும் குடுத்துரணும். போன் உங்களுது. எந்த சிம் வேணா போடலாம், எங்க வேணா போகலாம். ஒப்பந்தம்னா, இப்பக் கொஞ்சம் குடுத்தாப் போதும். ஆனா ரெண்டு வருசம் முடியிற வரைக்கும் அது உங்க போன் இல்ல, கம்பெனி போன். அதுவரைக்கும் அந்த நெட்வொர்க்கை விட்டு வெளிய போகக் கூடாது. மாசாமாசம் ஒண்ணாந்தேதி மறக்காமக் கட்டிரணும். கட்டலைன்னா ஆள் வந்துரும்."

நாலு பேரும் தண்ணீர் கேன் பக்கம் ஒதுங்கி ஆலோசனை செய்தார்கள்.

"மொத்தமா வாங்குனா எங்க வேணா போகலாமாம்" என்றார் குருந்தப்பன்.

"நமக்கு எங்கண்ணே போகணும்?" என்றான் மூக்கையா.

நாலு பேரும் யோசித்தார்கள். போகவேண்டிய இடம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. கையில் இருந்ததும் முழு விலைக்குப் பத்தாது. ஒப்பந்தமே நல்லது என்று முடிவானது.

பெனிட்டா போனின் முதுகில் ஒரு சின்னச் சீட்டை ஒட்டி எண்ணை எழுதிக் கொடுத்தாள். "இதுதான் இந்தப் போனோட நம்பர். மேல நாலு கோடு தெரியுதுல்ல? கோடு இருந்தா நெட்வொர்க் இருக்கு. கோடு போயிருச்சுன்னா நெட்வொர்க்கை விட்டு வெளிய போயிட்டீங்கன்னு அர்த்தம்."

"போக மாட்டோம்மா" என்று குருந்தப்பன் வாக்குக் கொடுத்தார்.

ஊர் பூராவுக்கும் அந்த எண்ணைச் சொன்னார்கள். பேச்சியம்மாள் வெற்றிலைக் கடையில் கூட எழுதி ஒட்டிவிட்டு வந்தாள். இரண்டு நாள் கழித்து முதல் தடவையாகப் போன் அடித்தது.

தவசி கையை நீட்டினான். குருந்தப்பன் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"அது யார் போனு?"

"கம்பெனி போனு."

"அடுத்தவன் போனை எடுத்துப் பேசுறது நம்ம பரம்பரையில உண்டா?"

தவசி வெட்கப்பட்டுப் போனான். போன் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதுகூட முறையில்லை என்று மூக்கையா சொல்ல, நாலு பேரும் எழுந்து வெளியே போய் நின்றார்கள். அடித்து ஓய்ந்த பிறகுதான் உள்ளே வந்தார்கள்.

அதிலிருந்து தினமும் அடித்தது. "கம்பெனிக்காரனுக்கு எம்புட்டுச் சொந்தக்காரய்ங்க பாத்தியா" என்று ஒச்சப்பன் ஆச்சரியப்பட்டான்.

ஒன்றாம் தேதி வந்தது. யாரும் மறக்கவில்லை. விடிவதற்குள் எழுந்து குளித்து, டிரம்மை இழுத்துக் கட்டுகிற நல்ல கயிறாக எடுத்து, போனை வீட்டு நடுத்தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். ஒச்சப்பன்தான் முடிச்சுப் போட்டான். அவன் முடிச்சு அவிழாது.

"இறுக்கமா இருக்கா?" என்று கேட்டார் குருந்தப்பன்.

"கம்பெனிக்காரன் வந்து இழுத்தாலும் வராது."

பத்துத் தேதி வாக்கில் செல்வின் என்கிற வசூல்காரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "ஏன் இன்னும் கட்டலை?" என்று கேட்டான்.

நாலு பேருக்கும் மனசு வருத்தமாகிவிட்டது. குருந்தப்பன் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்த் தூணைக் காட்டினார்.

செல்வின் தூணைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அந்தத் தூண் பக்கமாகவே திரும்பி நின்றான். தோள் மட்டும் குலுங்கியது.

"அண்ணே" என்றான் திரும்பி. "போனைக் கட்டச் சொல்லலை. பணத்தைக் கட்டணும்."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார் குருந்தப்பன்.

அவர் உள்ளே போய், பேச்சியம்மாள் ஆட்டுக்குட்டி விற்று வைத்திருந்ததை வாங்கி வந்தார். ஒச்சப்பன் போனை அவிழ்த்துவிட்டு, அதே கயிற்றில் அதே தூணில் பணத்தைக் கட்டினான். செல்வின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து இழுத்து, எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தான். கட்டுவது தங்கள் வேலை, அவிழ்ப்பது கம்பெனி வேலை என்று அவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது. அடுத்த மாதத்திலிருந்து செல்வின் ஒரு சின்னக் கத்தி கொண்டுவந்தான்.

கச்சேரிதான் ஒன்றும் வரவில்லை. பேச்சியம்மாள் புளி வாங்கிவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் அடியூத்திலிருந்து சங்கையா வந்தார். நரிப்பாறை மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் அடியூத்து. மகளுக்குக் கல்யாணம். வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"ஏப்பா, எத்தனை தடவை மேட்டுக்கு ஏறி வந்து போன் போடுறது? ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கிறீங்க?"

"இத்தனை நாளா அடிச்சது நீங்கதானா?" என்றான் மூக்கையா. "கம்பெனிக்காரனுக்கு நீங்க என்ன உறவு?"

சங்கையாவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. மாப்பிள்ளையின் தாயார் பேண்டு செட்டு இல்லாமல் ஊருக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். பெரிய முகூர்த்தம், வேறு எந்தச் செட்டும் கிடைக்கவில்லை. "உங்களை நம்பித்தான்யா என் மக கல்யாணம் இருக்கு" என்றார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குருந்தப்பனுக்கும் கண் கலங்கிவிட்டது. "எங்க உசிரு இருக்கிற வரைக்கும் வருவோம்யா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று சிவப்புச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வெள்ளென நடந்தார்கள். முன்னால் மூக்கையா போனைத் தாம்பாளம் போலப் பிடித்துக்கொண்டு கோட்டைப் பார்த்தபடி போனான். நாலு கோடு மூன்றானது. மூன்று இரண்டானது. நரிப்பாறை மேட்டு உச்சியில் ஒன்றானது. மூக்கையா இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தான். அதுவும் போய்விட்டது.

"அண்ணே, வெளிய வந்துட்டேன்" என்றான்.

"உள்ள வா" என்றார் குருந்தப்பன். அவன் பின்னால் வந்தான். கோடு வந்தது. ஒச்சப்பன் காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தான். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.

கீழே அடியூத்து தெரிந்தது. பந்தல் தெரிந்தது. வாழை மரம் கட்டியிருந்தது தெரிந்தது.

"போனை இங்க வெச்சிட்டு நாம மட்டும் போனா என்ன?" என்று தவசி கேட்டான்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு? போன் வெளிய போகக் கூடாதுன்னா சொல்லுச்சு? நீங்க வெளிய போகக் கூடாதுன்னுதான சொல்லுச்சு" என்றார் குருந்தப்பன்.

ஆனாலும் சங்கையாவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. வருவோம் என்று சொல்லியாயிற்று, வந்தும் ஆயிற்று. வந்தவரைக்கும் வாசிப்போம் என்று எழுந்து, கீழே ஊரைப் பார்த்து நின்று வாசிக்க ஆரம்பித்தார்கள்.

சத்தம் கேட்டுச் சங்கையா மேட்டுக்கு ஓடி வந்தார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். காலில் விழாத குறை. நாலு பேரும் அழுதுகொண்டே மறுத்தார்கள். அந்தச் சமயம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து, செட்டைப் பார்த்து அங்கேயே இறங்கினார்கள். சங்கையா வேட்டியை இறுக்கிக்கொண்டு, நடப்பது நடக்கட்டும் என்று, "மாப்பிள்ளை அழைப்பு இங்கிருந்துதாங்க. எங்க ஊர் வழக்கம்" என்றார்.

மாப்பிள்ளையின் தாயார் சுற்றுமுற்றும் பார்த்தாள். முகம் சுருங்கப் போகிறது என்று சங்கையா நினைத்தார். அவளோ தன் போனை எடுத்தாள்.

"இங்க சிக்னல் இருக்கு" என்றாள். "கீழ சுத்தமா இருக்காதாமே. எங்க அக்கா துபாயில இருந்து பாக்கணும்னு உக்காந்திருக்கா."

அவ்வளவுதான். அக்கா முழு ஊர்வலத்தையும் போனில் பார்த்து அழுதாள். உள்ளூர்க்காரர்களும் விஷயம் கேள்விப்பட்டு மேட்டுக்கு ஏறி வந்து அவரவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். குருந்தப்பன் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. ஒச்சப்பன் அடித்த அடியில் மேட்டுக்கல் இரண்டு உருண்டு போனது. ஊர்வலம் கோடு வரைக்கும் இவர்கள் வாசிப்பில் வந்து, கோட்டைத் தாண்டிப் பந்தலுக்கு இறங்கிப் போனது. இத்தனை விமரிசையாக ஒரு மாப்பிள்ளை அழைப்பை நான் பார்த்ததே இல்லை என்று மாப்பிள்ளையின் தாயார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சங்கையாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாலி கட்டி முடிந்ததும் மூச்சிரைக்க மேட்டுக்கு ஏறி வந்தார். "சாப்பிட வாங்கய்யா" என்றார். பந்தலிலிருந்து சாம்பார் வாசனை மேலே வந்தது.

"அந்தக் கம்பெனி சம்மதிக்கணுமே" என்றார் குருந்தப்பன்.

சங்கையா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மடியிலிருந்து தன்னுடைய பழைய பட்டன் போனை எடுத்துக் குருந்தப்பன் கையில் வைத்தார். "மக எனக்குப் புதுசு வாங்கிக் குடுத்துட்டா. இதை நீங்க வெச்சுக்கங்க. ஒப்பந்தமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மொத்தமா உங்களுது. அந்தக் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டுட்டு வெரசா வாங்க. மூணு பந்திதான்." சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சொந்தப் போன். நாலு பேரும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தார்கள்.

"கம்பெனி நம்பர் என்னண்ணே?" என்றான் தவசி.

"கம்பெனி போனு முதுகுலதான் எழுதியிருக்கு."

மூக்கையா வாசிக்க வாசிக்கத் தவசி அழுத்தினான். பட்டன் போனைக் குருந்தப்பன் காதில் வைத்துக்கொண்டார். மூக்கையா கையிலிருந்த கம்பெனி போன் அடித்தது. அவன் மரியாதையாக அதைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"அடிக்குதாண்ணே?"

"அடிக்குது. யாரும் எடுக்கலை."

கீழே முதல் பந்தி எழுந்தது. மறுபடி கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை. இரண்டாம் பந்தி உட்கார்ந்து எழுந்தது. பாயசம் ஊற்றிய வாளியின் சத்தம்கூடக் கேட்டது. குருந்தப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கம்பெனிடா இது? ஒரு அவசரத்துக்குக் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறாய்ங்க."

ஒச்சப்பன் அடித்துக்கொண்டிருந்த கம்பெனி போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நாம கூப்பிட ஆரம்பிச்சதுல இருந்து வேற யாரோ ஒருத்தர் கம்பெனிக்காரனை விடாமக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. பாவம், அவருக்கு என்ன அவசரமோ."

குருந்தப்பன் அதைப் பார்த்தார். விஷயம் விளங்கியது.

"அதான் நமக்குக் கிடைக்கலை" என்று பட்டன் போனில் கூப்பிடுவதை நிறுத்தினார். "முதல்ல அந்த மனுசன் பேசி முடிக்கட்டும்."

கம்பெனி போனும் ஓய்ந்தது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல சமயம். குருந்தப்பன் சட்டென்று மறுபடி அழுத்தினார்.

"ம்ஹூம்" என்றான் ஒச்சப்பன். "திரும்பவும் அவரு முந்திக்கிட்டாருண்ணே."