டெல்லிக்கே கரண்ட் பிரிச்சுக் கொடுத்தவன்

பொய் சொல்றதுக்குன்னு ஒரு பென்ஷன் இருந்தா எங்க ஊர்ல முதல் ஆளா நான்தான் வாங்கியிருப்பேன். பேரு கொம்பையா. கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா முப்பத்தாறு வருஷம் கம்பம் ஏறி ரிட்டயர் ஆனவன். கம்பத்துல இருந்து இறங்கிட்டேன், பீத்துறதுல இருந்து இன்னும் இறங்கல. இப்ப சொல்லப்போறதுல எது நிஜம், எது புளுகுன்னு பிரிக்கிறது உங்க பாடு. கடைசியில நான் பட்ட அவமானம் மட்டும் சத்தியமா நிஜம்.

போன தை மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி. வீட்டுல ஒரு சின்ன வேலையை முடிச்சுட்டு, தோள்ல மாட்டின பையோட சேவிங்குக்காக இசக்கிராஜ் சலூனுக்குள்ள நுழையுறேன். நாற்காலியில சிமெண்ட் கடை செண்பகராஜ் உக்காந்திருக்கான். வலது பக்கம் ஒட்ட வெட்டியாச்சு, இடது பக்கம் காடு. மிஷின் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போறதுக்குள்ள கரண்ட் போயிருச்சாம். கத்திரியில வெட்டிவிடேன்டான்னு செண்பகராஜ் கேட்டா, ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல வராது அண்ணாச்சி, கடைப் பேரு கெட்டுப்போகும்னு இசக்கி ஒரே பிடியா நிக்கிறான்.

செண்பகராஜுக்கு வயசு முப்பத்தேழு. ஏழு இடம் பாத்து ஏழும் தட்டிப்போச்சு. எட்டாவது இடம், அன்னைக்குப் பன்னெண்டு மணிக்குப் பொண்ணு வீட்டுல இருந்து மாப்பிள்ளையைப் பாக்க வர்றாங்க, பொண்ணும் கூட வருது. இதுவும் போச்சுன்னா இனி எனக்காக அலையாதீங்கன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டேன்னு கண்ணாடியைப் பாத்துக்கிட்டே சொன்னான்.

எப்ப அண்ணாச்சி வரும்னு என்னைக் கேட்டான். தெரியலப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தக் கதையே இல்ல. நானோ, மாப்ள, எனக்குத் தெரியாம இந்த நாட்டுல ஒரு பல்பு எரியாது, ஒரு பல்பு அணையாதுன்னு ஆரம்பிச்சுட்டேன்.

மூலையில பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த தனுஷ்கோடி நிமிர்ந்தார். ரேஷன் கடையில எடை போட்டு ரிட்டயர் ஆன மனுஷன், நான் சொல்றதை மட்டும் எடை போடாம வாங்க மாட்டார். வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் மீட்டர் வரப்போகுதாம், எந்த வீட்டுல எவ்வளவு இழுக்குதுன்னு அதுவே ஆபீசுக்குச் சொல்லிருமாமேன்னு கிளறிவிட்டார்.

அது என்ன பெரிய வித்தை, நான் கம்பத்துல காதை வச்சா போதும், எந்த வீட்டுக் கிரைண்டர்ல இட்லி மாவு ஓடுது, எதுல வடை மாவு ஓடுதுன்னு சொல்லிருவேன்னேன். உங்க வீட்டு மாவுக்கு உப்பு பத்தலன்னு ஒருநாள் வந்து சொல்லலையான்னு அவரையே சாட்சிக்கு இழுத்தேன். எங்க வீட்டுல கிரைண்டரே கிடையாதுன்னார். அப்ப பக்கத்து வீட்டு மாவு உங்க லைன்ல கலந்து வந்திருக்கும்னு சமாளிச்சேன்.

வாய் சூடாயிருச்சு. தொழில் ரகசியம் ஒண்ணும் எடுத்துவிட்டேன். கம்பம் ஏறுறதுக்கு முன்னால ட்ரான்ஸ்பார்மர்ல இருக்கிற பியூஸ் கட்டையைக் கழட்டணும். கழட்டி அங்கயே வச்சுட்டுப் போகக்கூடாது, நம்ம பையில போட்டுக்கிடணும். நாம மேல தொங்கும்போது, விஷயம் தெரியாதவன் எவனும் கீழ இருந்து கரண்ட்டைப் போட்டுவிட முடியாது பாருங்க. நான் இன்னைக்கு மூச்சு விடுறதே அந்தப் பழக்கத்தாலதான்னு சொன்னேன். அன்னைக்கு நான் சொன்னதுல உண்மை அது ஒண்ணுதான். அதையும் யாரும் நம்பல.

செண்பகராஜ் போன் அடிச்சுச்சு. அவன் அம்மா. பொண்ணு வீட்டு வேன் டோல்கேட்டைத் தாண்டிருச்சாம்.

அவன் கையைப் பிடிச்சுக் கெஞ்சினதுல நானும் ஆபீசுக்குப் போன் போட்டேன். டூட்டியில இருந்த லைன்மேன், சப்ஸ்டேஷன்ல எல்லாம் சரியா இருக்கு, உங்க தெரு ஒண்ணுதான் இல்ல, ட்ரான்ஸ்பார்மரைப் பாத்துட்டுச் சொல்றேன்னான். போனை வச்சேன். டெல்லியில விசாரிச்சுட்டேன், ஏற்பாடு நடக்குதுன்னு இவங்ககிட்டச் சொன்னேன். டெல்லியான்னு இசக்கி வாயைப் பிளந்தான். அவன் வாயைப் பிளந்தா நான் விடுவேனா?

நாடு முழுக்கக் கரண்ட் ஒரே தாளத்துல ஓடணும், செகண்டுக்கு அம்பது துடிப்பு, குறைஞ்சா எல்லாருக்கும் இருட்டுன்னு விளக்கினேன். ஒருநாள் தாளம் நாப்பத்தொம்பதுக்கு இறங்கிப்போச்சு. டெல்லி கண்ட்ரோல் ரூம் பெரிய அதிகாரி எனக்குப் போன் போட்டு அழுதார். நான் நடுத்தெருவுல நின்னு கையைத் தட்டி நாப்பது கிரைண்டரை நிறுத்தினேன். அடுத்த நிமிஷம் பஞ்சாப்ல வழியில நின்ன ரயில் கூவிக்கிட்டுக் கிளம்பிச்சு. உமக்கு இந்தி தெரியுமான்னு தனுஷ்கோடி கேட்டார். பேசுறது புரியாது, அழுகை புரியும்னேன்.

ஆடி மாசம் நம்ம காத்தாடிக் காட்டுல காத்தாலை சுத்துற சுத்துல கரண்ட் வழிஞ்சு ஓடுது, சேத்து வைக்க இடமில்ல. நான்தான் ஒயரை எங்க கிணத்துக்குள்ள இறக்கி நிரப்பினேன். அந்தத் தண்ணியைக் குடிச்ச எங்க எருமைக்குக் கொம்பு ரெண்டும் ட்யூப்லைட் மாதிரி எரிஞ்சுச்சு. கறந்த பாலைக் காய்ச்ச வேண்டியதே இல்ல, சூடாவே வந்துச்சு. உறை ஊத்துனா தயிர் ஆகுமான்னு இசக்கி கேட்டான். ஆகும், லேசா ஷாக் அடிக்கும், மரக்கரண்டியில சாப்பிடணும்னேன்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் நாட்டோட முப்பது வருஷ மின்சாரத் திட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டாங்க. காத்தில்லாத மாசம் என்ன செய்யன்னு அறிவாளிகள் எல்லாம் முழிச்சாங்க. நான் எழுந்து, நம்ம காத்தாலையைக் கரண்ட் கொடுத்து ஃபேன் மாதிரி சுத்தவிடுங்க, அது அடிக்கிற காத்துல ஆந்திராக் காத்தாலை சுத்தும், அங்க வர்ற கரண்ட்டை நமக்கே திருப்பி அனுப்பட்டும்னேன். எல்லாரும் எழுந்து நின்னாங்க. மரியாதைக்குன்னு நினைச்சேன், சாப்பாட்டு மணி அடிச்சிருக்கு. ஆனாலும் செஞ்சு பாத்தோம். அந்த வருஷம் நம்ம ஊர் மழை மேகம் பூராவும் கர்நாடகாவுக்குப் போயிருச்சு. அது என் தப்புதான், ஒத்துக்கிடுறேன்னேன்.

மணி பதினொண்ணே கால். என் போன் அடிச்சுச்சு. டூட்டி லைன்மேன். ட்ரான்ஸ்பார்மர்ல உங்க தெருவுக்கான பியூஸ் கட்டையை எவனோ திருடிட்டுப் போயிட்டான், ஸ்டோர்ல இருந்து வேற வரணும், ரெண்டு மணி ஆகும்னான். போன் சத்தமா இருந்ததால எல்லாருக்கும் கேட்டுச்சு. செண்பகராஜ் போத்தியிருந்த துணியாலயே முகத்தை மூடிக்கிட்டான்.

எனக்குப் பொறுக்கல. கட்டை திருடுற பயலை நான் விட்டு வைக்க மாட்டேன், இன்ஸ்பெக்டர் நம்பரே என்கிட்ட இருக்குன்னு எழுந்து, மூக்குக் கண்ணாடியை எடுக்கப் பைக்குள்ள கையை விட்டேன். சில்லுன்னு ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. வெளிய எடுத்தா, வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை.

காலையில எங்க வீட்டு முருங்கைக் கிளை ஒயர் மேல சாஞ்சு கிடந்துச்சு. ரிட்டயர் ஆனவன் ட்ரான்ஸ்பார்மரைத் தொடவே கூடாது. எனக்கு வெட்டி வீறாப்பு. போய்க் கட்டையைக் கழட்டிப் பைக்குள்ள போட்டு, ஏறி வெட்டிட்டு, அப்படியே சலூனுக்கு வந்துட்டேன். சர்வீஸ்ல இருந்தப்ப நான் இறங்கினதும் கட்டை எங்கன்னு போர்மேன் கையை நீட்டுவார். இப்ப நீட்ட ஆளில்ல, எனக்கும் ஞாபகம் வரல.

தனுஷ்கோடி பேப்பரை மடிச்சு வச்சார். அப்பவாவது வாயை மூடினேனா? இது நாட்டு கரண்ட்டோட சாவி, பத்திரமா இருக்கட்டும்னு டெல்லியில கொடுத்து வச்சிருக்காங்கன்னேன். செண்பகராஜ் துணியை விலக்கிட்டு என்னைப் பாத்தான். திட்டியிருந்தாக்கூடத் தேவலாம். வெக்கத்துல எனக்குக் காது சுட்டுச்சு.

ட்ரான்ஸ்பார்மருக்கு ஒரே பாய்ச்சல்ல போனேன்னுதான் ஊர்ல சொல்லி வச்சிருக்கேன். மூட்டுவலியில நான் நொண்டினதைப் பாத்து தனுஷ்கோடிதான் ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டுப் போனார். டூட்டி லைன்மேன் கட்டையை வாங்கி மாட்டிட்டு, என்னைக் கேட்ட கேள்வியை இங்க சொல்ல முடியாது. பதினொண்ணரைக்குக் கரண்ட் வந்துச்சு. இசக்கி மீதித் தலையை முடிச்சான். பன்னெண்டு மணிக்குப் பொண்ணு வந்து பாத்து, பிடிச்சிருக்குன்னு சொல்லிருச்சு.

வைகாசியில கல்யாணம். பத்திரிகை எனக்கும் வந்துச்சு, அப்பத்தான் மனசு ஆறுச்சு. தோள்ல பையை மாட்டிக்கிட்டுப் போனேன். மண்டப வாசல்ல பொண்ணோட அப்பா நின்னார். சும்மா இருக்க முடியுமா, இந்தக் கல்யாணம் நடக்குறதுக்குக் காரணமே நான் கொடுத்த கரண்ட்தான்னு அவர்கிட்ட எடுத்துவிட்டேன். பக்கத்துல சந்தனக் கிண்ணத்தோட நின்ன செண்பகராஜ் அம்மா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"வாங்க அண்ணாச்சி, உள்ள போய் உக்காருங்க. பையை மட்டும் இங்க கொடுத்துட்டுப் போங்க, தாலி கட்டி முடிச்சதும் தர்றோம்."