போயிட்டு வாரேன், சாமி

“சாமி, நான் போகணும். விட்டுருங்க” என்றான் பலவேசம்.

சிரிக்க வேண்டிய இடம் இது இல்லை. சிரிப்பு உண்டு. கடைசியில் இருக்கிறது. அதுவரைக்கும் மணல்தான்.

சிவப்பு மணல். கண்ணுக்கெட்டிய மட்டும் தேரிக்காடு. அதற்குள் புதைந்து கிடந்தது பலவேசத்தின் சாமியான தேரிநாகம், மூக்குத் துவாரம் இரண்டு மட்டும் வெளியே தெரிய.

பகலெல்லாம் தூங்கும். விடியலில் பனியை நக்கும். சிறகுகூட உண்டு. விரித்தால் இடுக்கில் மணல் போகும் என்று விரித்ததே இல்லை.

சொந்தக் குரல்தான் கிடையாது. தேரிப் பக்கம் வந்து போனவர்களின் குரல்களைப் பொறுக்கி வைத்திருந்தது.

“எங்க இறங்கணும்? சில்லறையா குடு” என்றது, பஸ் கண்டக்டர் குரலில்.

“அக்கா வீட்டுக்கு சாமி. நாளைக்குக் காலையில அவ மகளுக்குக் காதுகுத்து. ஆட்டுக்காரர் சொல்லிட்டுப் போனாரே. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்துவாங்க. நான் போகலைன்னா புள்ள யார் மடியில உக்காரும்?”

“சொந்தபந்தமே வேண்டாம்னுதானே எங்கிட்ட சீடனா வந்து சேர்ந்த? கையை நீட்டு!” இது தலைமையாசிரியை குரல்.

“ஆமா டீச்சர்... ச்சே, ஆமா சாமி. காது குத்தினதும் வந்துருவேன்.”

“போயேன். நான் என்ன கட்டியா போட்டிருக்கேன்?”

பலவேசம் கும்பிட்டான். “போயிட்டு வாரேன் சாமி.”

நடந்தான். கால் சுட்டது. கிழக்கே ஒரு மேடு ஏறி இறங்கினான். முன்னால் மணல் குமிழ் விட்டது. மூக்குத் துவாரம் இரண்டு.

“வா வா! அதுக்குள்ள முடிஞ்சுதா? புள்ள அழுதாளா? சாப்பாட்டுல பாயசம் உண்டா?”

“நான் இன்னும் போகவே இல்ல சாமி!”

“வாரேன்னு சொன்னல்ல. நீ எதுக்கு வெயில்ல அலையணும்னு நானே வந்துட்டேன்.”

பல்லைக் கடித்தான். மறுபடி கும்பிட்டான். “போயிட்டு வாரேன்.” மேற்கே திரும்பி ஓடினான்.

“கோலி சோடா, கலரேய்! களைச்சு வந்தவருக்கு ஒண்ணு!”

மேற்கிலும் மூக்கு, சோடாக்காரர் குரலில்.

பலவேசம் தோள் துண்டை மணலில் விட்டெறிந்தான்.

“அது ஒரு பேச்சுக்குச் சொல்றது சாமி! ஊர்ல எல்லாரும் சொல்றதுதான். சொன்னா வந்தே ஆகணும்னு சட்டமா?”

“அப்ப பேச்சை மாத்து. ‘போறேன்’னு சொல்லிட்டுப் போ.”

“ஐயோ, வாயைக் கழுவுங்க! ‘போறேன்’னு எவனாவது சொல்வானா? அது திரும்பி வராம போறவன் பேச்சுல்லா?”

“அப்ப வாரேன்னா வாரேன்தான்.”

“வாரேன்தான்! வந்து தொலைக்கேன்! பொழுது சாயுது, இப்ப வழியை விடுங்க!”

“விடுறேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். வீட்டை விட்டு இங்க கிளம்பின அன்னைக்கு, அக்காகிட்ட என்ன சொல்லிட்டு வந்த?”

“என்ன சொல்வாங்க? போயிட்டு வா...”

நிறுத்தினான்.

நாகம் குரலை மாற்றியது.

“ஏலே பலவேசம்... வாரேன்னுட்டுப் போனியே, எங்கல இருக்க?”

அக்கா தங்கக்கனியின் குரல். ஒரு கோடையில் தேரி ஓரத்தில் நின்று, தொண்டை கட்டும்வரை அவள் கூப்பிட்ட குரல். அன்றைக்கு இவன் நாகத்துக்குப் பக்கத்தில் மணலுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான். பாசத்தை ஜெயித்துவிட்டோம் என்று பெருமை வேறு.

பலவேசம் மூக்குத் துவாரங்களைப் பார்த்தான். தான் கிழக்கும் மேற்குமாக ஓடிய தடங்களைப் பார்த்தான்.

பொசுக்கென்று சிரிப்பு வந்தது. அப்புறம் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

“முதல் ‘வாரேன்’ அக்காவுக்குச் சொன்னதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல சாமி?”

மூக்குத் துவாரம் இரண்டும் மூடிக்கொண்டன.

துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டான். கும்பிட்டான். வழக்கப்படி வாய் திறந்தது. மூடிக்கொண்டான்.

ஒன்றும் சொல்லாமல் அக்கா வீட்டுப் பக்கம் நடந்தான்.

முன்னால் மணல் அசையவில்லை.