சுனைக்கு வந்த வெற்றிச் செய்தி

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில் ஒரே ஒரு சுனைதான் வற்றாமல் இருந்தது. அதற்கு முள்வேலி போட்டுத் தனக்கென்று வைத்துக்கொள்ள அந்தக் காட்டின் அரசனான சிறுத்தை ஆசைப்பட்டது. ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பாறைத்திடலில் கூடும் சபைக்குப் பெரும்பாலோர் நேரில் வந்து மறுத்தால், அரசனும் பணிய வேண்டும்.

குழந்தைகளே, அந்தக் காட்டு இளசுகள் எல்லோரிடமும் கைபேசி இருந்தது. விஷயம் தெரிந்ததும், எதிலும் அவசரப்படும் இளம் முயல் சுனையைப் படம் பிடித்து, எல்லோரையும் சபைக்கு வரச்சொல்லி எழுதி அனுப்பியது. சபை என்றாலே கொட்டாவி விடும் மான்குட்டிகள்கூட வருவதாகப் பதில் போட்டன. செய்தி மலைக்கு அந்தப் பக்கம்வரை பரவியது.

சிறுத்தைக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லாக் கைபேசிகளையும் பிடுங்கி உடைக்கச் சொன்னது. அமைச்சரான நரி தடுத்தது.

"வேண்டாம் அரசே. பிடுங்கினால் எல்லோரும் திடலுக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் எதைக் கேட்க ஆசைப்படுகிறார்களோ, அதை நாமே சொல்லிவிடலாம்."

சபை கூடும் நாள் காலையில் முயலின் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. அதில் சிறுத்தை தலை குனிந்து நின்றது. கீழே, "இளைஞர்களுக்கு வெற்றி! வேலித் திட்டம் கைவிடப்பட்டது" என்று எழுதியிருந்தது.

முயல் துள்ளிக் குதித்தது. யார் அனுப்பியது என்றுகூடப் பார்க்காமல் காடு முழுவதற்கும் அனுப்பிவைத்தது. மான்குட்டிகள் வாழ்த்துச் சொல்லி மாளவில்லை.

ஆமைக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "எதற்கும் திடலுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமே, முயலக்கா" என்றது.

"ஜெயித்த பிறகு எதற்கு வெயிலில் நடக்க வேண்டும்?" என்றது முயல்.

ஆமை தனியாகப் போனது. மறுப்பவர்கள் முன்னால் வரலாம் என்று நரி அழைத்தபோது, அது மட்டும் மெல்ல நகர்ந்து நடுத்திடலில் நின்றது. நரி சுற்றிலும் பார்த்துவிட்டுச் சபையைக் கலைத்தது.

மறுநாள் தண்ணீர் குடிக்க வந்த முயலை முள்வேலி மறித்தது. வாசலில் கழுதைப்புலி காவல் நின்றது. திட்டம் கைவிடப்பட்டுவிட்டது என்று சொல்லி, முயல் அந்தப் படத்தைக் காட்டியது.

கழுதைப்புலி எட்டிப் பார்த்தது. "எனக்கும் வந்தது. நீ அனுப்பியதுதான்" என்றது.

அந்தக் கோடையை மான்குட்டிகளில் பல தாண்டவில்லை.

நீதி: நமக்குப் பிடித்த செய்தி என்பதாலேயே அதை உண்மையென்று நம்பி வீட்டில் இருந்துவிடுபவர், தம் உரிமையை இழப்பார்.