நீலச் சட்டை

“அவனுக்கு மட்டும் எப்படிக்கா வருது?”

உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக இளம்பரிதி ஆரம்பித்துவிட்டான். ‘அவன்’ என்றால் மலையாள டைரக்டர் ஜெயகோபன். அவன் படத்தைத் தமிழில் ரீமேக் செய்தவன் இளம்பரிதி. அங்கே ஓடு ஓடென்று ஓடிய படம், இங்கே ஒரே வாரத்தில் சுருண்டு படுத்துவிட்டது.

எடிட்டர் ரெஜினா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இளம்பரிதிக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். இந்தத் தமிழ்ப் படத்தை வெட்டி ஒட்டியவளும் அவள்தான்.

“நீ அதுல என்ன மாத்தினே?”

“ஒரு மண்ணும் மாத்தலை. மானிட்டர் பக்கத்துலயே லேப்டாப்ல அவன் படத்தை ஓடவிட்டு, ஷாட்டுக்கு ஷாட் ஒத்துப் பார்த்துத்தான் ஓகே சொன்னேன். சட்டைகூட அதே நீலம். அங்கே மழையா, இங்கேயும் மழை. ராமநாதபுரத்துல லாரி வச்சுத் தண்ணி அடிச்சேன்க்கா!”

ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“சரி, இப்போ என்ன?”

“வயிறு எரியுது. அவன் பேரைக் கேட்டாலே சோறு இறங்க மாட்டேங்குது. அவன்கிட்ட இருக்கிறது எங்கிட்ட இல்லைன்னா நீங்களே சொல்லிடுங்க. இந்தத் தொழிலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடறேன்.”

ரெஜினா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு ஷாட்டைத் தேடி எடுத்து, சத்தமில்லாமல் ஓடவிட்டாள்.

திரையில் இரண்டு கைகள் மட்டும். செத்துப்போன மகனின் நீலச் சட்டையைத் தாய் மடிக்கிற இடம்.

கைகள் சட்டையை மடித்தன. பெட்டியில் வைக்கப்போய், நின்றன. திரும்பப் பிரித்து, விட்டுப்போன ஒரு பட்டனைப் போட்டு, மறுபடியும் மடித்தன.

இளம்பரிதி திரைக்குக் கிட்டே குனிந்தான். கண்ணைத் துடைப்பதற்குள் பொறாமை முந்திக்கொண்டது.

“இது அவன் படத்துல இல்லையே! வெட்டிப் போட்டதா? உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? அடப்பாவி, அவன் வேண்டாம்னு தூக்கிப் போட்டதே இப்படி இருக்குதேக்கா! நான் எந்த ஜென்மத்துல இப்படி ஒரு ஷாட் எடுக்கப்போறேன்?”

“இன்னொரு தரம் போடட்டுமா?”

“போடுங்க.”

இந்தத் தடவை அவள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

கைகள் மடித்தன. நின்றன. பிரித்தன. பட்டனைப் போட்டன.

“கட்! கட்!”

ஸ்பீக்கரில் இளம்பரிதியின் குரல் காது கிழியக் கத்தியது.

“என்னம்மா பண்றீங்க? அதுல பட்டனே போடலையே!”