கையில் நிற்காத காசு

"அம்மா, எம் புள்ள கையில காசு நிக்கவே மாட்டேங்குதுங்க" என்றாள் நவமணி.

மலையடிவாரத்து மடத்தில் அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

மடத்தின் குருவான இந்த அம்மைக்கு முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். நவமணிக்கு நாற்பத்தொன்று. அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை அம்மா என்பாள். மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் சிரிப்பார்கள். அப்புறம் பழகிவிடும்.

"எத்தன நாளா?" என்று கேட்டார் அம்மை.

"வெவரம் தெரிஞ்ச நாளாவேங்க. போன வாரம் எங்க சித்தப்பா வந்து ஐநூறு ரூபா குடுத்துட்டுப் போனாரு. அவரு ஏறுன பஸ்ஸு இன்னும் தெருமுனை திரும்பல, இவ கடைக்கு ஓடிட்டா. தெருப் புள்ளைங்களுக்கெல்லாம் பப்ஸு, ஐஸ்கிரீமு. மிச்சத்துக்கு ஒரு ஜோடி பேட்மிண்டன் மட்டை. ஒத்த ரூபா வீடு வந்து சேரல."

"மட்டை நல்லா இருந்துச்சா?"

நவமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குருவிடம் கோபப்படக் கூடாது, விழுங்கிக்கொண்டாள்.

"வெளையாட்டு இல்லீங்கம்மா. இன்னும் இருபத்திரண்டு நாள்ல நான் குவைத்துக்குப் போறனுங்க. வீட்டு வேலை. ரெண்டு வருசம்."

அம்மையின் கை நின்றது.

"சம்பளத்த இவங்கப்பனுக்கு அனுப்புனா சீட்டாட்டத்துலயே போயிரும். அதனால இவ பேர்லதான் கணக்குத் தொறந்திருக்கறேன். வாடகை, பள்ளிக்கூடப் பீஸு, மளிகை, எல்லாம் பதிமூணு வயசுப் புள்ள கையில. மொத மாசமே தொலைச்சுட்டான்னா வீட்டுக்காரரு சாமானத் தூக்கி வெளிய வெச்சிருவாரு. நான் அங்க இருந்து பறந்தா வர முடியும்?"

"சொல்லிப் பார்த்தீங்களா?"

"சொல்லாததா? மூணு உண்டியல் வாங்கிக் குடுத்தேன், மூணும் காலி. சிறுகக் கட்டிப் பெருக வாழ்னு செவுத்துல எழுதி ஒட்டுனேன். எறும்பு மழைக்காலத்துக்குச் சேத்து வெக்கற கதை சொன்னா, அந்த எறும்புக்கு அம்மா இருக்குதான்னு கேக்கறாளுங்க."

அம்மை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு அவளக் கூட்டிட்டு வாங்கக்கா."

"வந்தா நல்லா நாலு வார்த்தை புத்தி சொல்லோணுங்க."

"பார்க்கலாம்."

மறுநாள் பஸ்ஸில் வரும்போதே நவமணி முக்கால் புத்தியைச் சொல்லி முடித்துவிட்டாள். மகள் மிதுனா ஜன்னல் பக்கம் பார்த்தபடி எல்லாவற்றுக்கும் 'ம்' போட்டாள். பணத்தின் அருமை, அப்பனின் சீட்டு, குவைத்தின் வெயில் எல்லாவற்றுக்கும் ஒரே 'ம்'தான்.

மடத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். அம்மை புத்தி எதுவும் சொல்லவில்லை. இருநூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து மிதுனாவிடம் நீட்டினார்.

"இந்தா."

மிதுனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேண்டாங்க" என்றாள். வளர்த்த விதம் அப்படி.

"சாமி காசு, வாங்கிக்கோ" என்றாள் நவமணி.

மிதுனா வாங்கினாள். மூச்சு விடும் நேரம்கூட ஆகியிருக்காது. நவமணியின் கை தானாக நீண்டது.

"குடு, அம்மா பத்தரமா வெச்சிருக்கறேன்."

பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு நீட்டுகிற மாதிரி மிதுனா அந்தத் தாளை நீட்டினாள். முகத்தில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை.

அம்மை அவளிடம் கேட்டார். "இதுக்கு முன்னாடி அம்மாகிட்ட எவ்வளவு குடுத்து வெச்சிருக்கற?"

நவமணி சிரித்தாள். "அவளுக்கு எங்கீங்க ஞாபகம் இருக்கப்போகுது?"

"ரெண்டாவது படிக்கறப்போ பெரிய மாமா குடுத்தது ஆயிரம்" என்றாள் மிதுனா. "கேஸ் சிலிண்டருக்குப் போயிருச்சு. வயசுக்கு வந்த சீருக்கு அத்தைங்க வெச்சது ஏழாயிரத்தி ஐநூறு. அப்பாவோட வண்டிய மீட்டறதுக்கு. பேச்சுப் போட்டிப் பரிசு முந்நூறு. அது எதுக்குப் போச்சுன்னு தெரியல. சில்லறையா நெறைய இருக்குது. எல்லாஞ் சேத்து பதினோராயிரத்து அறுநூத்தி நாப்பது."

வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் சொல்லி முடித்தாள்.

"கணக்கு சரிதானாக்கா?" என்றார் அம்மை.

நவமணி வாய் திறந்தாள். எல்லாம் வீட்டுக்குத்தானே போனது, உனக்காகத்தானே என்று சொல்ல நினைத்தாள். அந்த முந்நூறு எங்கே போனதென்று அவளுக்கும் ஞாபகம் வரவில்லை. மகள் முன்னால் அவ்வளவு வெட்கமாக இருந்தது அவளுக்கு.

அம்மை கீரைக் கட்டை இழுத்து வைத்துக்கொண்டார். இனி அவர் பேச மாட்டார் என்று நவமணிக்குத் தெரியும்.

இன்னும் இருபத்தொரு நாள்.

நவமணி அந்தத் தாளை மகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நீயே வெச்சுக்கோ."

மடத்துக்கு எதிரிலேயே பெட்டிக்கடை இருந்தது. மிதுனா அந்தப் பக்கம் திரும்பவில்லை. மூடிய கையைப் பார்த்தாள், அப்புறம் அம்மாவைப் பார்த்தாள்.

"இது என்னுதா?"

"உன்னுதுதான் கண்ணு."

"எத்தன நாளைக்கு?"