நாற்பத்து மூன்று வரிகள்

பொன்னுரங்கத்துக்கு நாற்பத்தொன்பது வயது. அவருக்குக் குருவாக வாய்த்த தில்லைநாயகிக்கு முப்பத்து நான்கு. மதுரையில் அவர்கள் வேலை பார்த்த அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. "என்ன சார், குருகுலத்துல இன்னைக்கு என்ன பாடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்கள்.

பொன்னுரங்கம் சிரிக்க மாட்டார். இருபத்திரண்டு வருடம் புரோகிராம் எழுதியவர். அவர் எழுதியது ஓடியது. ஓடுகிறதா, நிற்கிறதா என்பதைத் தவிர அதில் வேறொரு கேள்வி உண்டென்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

ஓர் அறக்கட்டளை ஒன்பது ஊர்களில் டயாலிசிஸ் மையம் நடத்தியது. எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த மெஷின் என்று முறை ஒதுக்கும் புரோகிராம் இவர்களுடையது. தான் செய்வதையும் செய்ய முடியாமல் போவதையும் அது வரி வரியாகக் குறித்துக்கொண்டே போகும். அதற்கு லாக் என்று பெயர். டிசம்பர் வரை ஒவ்வொரு மையத்து லாக்கும் அந்தந்த மையத்துக் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. ஜனவரியிலிருந்து ஒன்பதும் அங்கே தங்காமல் மதுரையில் ஒரே சர்வருக்கு வந்து சேர வேண்டும் என்று தில்லைநாயகி ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு வரியும் ஏழு கட்டங்களோடு வர வேண்டும். எப்போது, எந்த மையம், எந்த மெஷின், யார் உட்கார்ந்திருந்தது, நோயாளி எண், என்ன செய்யப் பார்த்தார்கள், என்ன ஆயிற்று.

அனுப்பிவைக்கும் பகுதியை எழுதியவர் பொன்னுரங்கம்.

ஏப்ரல் முதல் செவ்வாயன்று பரமக்குடி மையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. காசிலிங்கம் என்ற நோயாளி தன் முறைக்கு வந்தபோது அவர் பெயருக்கு மெஷின் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்து பிழைத்தார். அவருடைய முறைக்கு முந்தின நாளான மார்ச் பதினேழாம் தேதி காலையில் தான் பதிவு செய்ததாக டெக்னீஷியன் சகாயமேரி சொன்னார். முதல் தடவை சேமிக்க முடியவில்லை என்று திரையில் வந்ததாம், மறுபடி அழுத்தியதும் ஒன்றும் வரவில்லையாம், ஏறிவிட்டது என்று நினைத்துவிட்டாராம். பொய் சொல்கிறார் என்றது நிர்வாகம். சஸ்பெண்ட் செய்தாயிற்று. வெள்ளிக்கிழமை பரமக்குடியில் விசாரணை. அதோடு வேலை போய்விடும்.

"மார்ச் பதினேழு, காலைல ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் எடுங்க சார்" என்றார் தில்லைநாயகி. "அந்தப் பொண்ணு சொல்றது நிஜமான்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

எடுத்தார். நாற்பத்து மூன்று வரிகள். நாற்பத்து மூன்றும் ஒன்றுதான்: சேமிக்க முடியவில்லை, மீண்டும் முயலவும்.

"இதுல பரமக்குடி எது?"

"கோடு இருக்கு மேடம்."

"என்ன கோடு?"

"மையம்ங்கிற கட்டத்துல ஒரு சின்னக் கோடு."

"யார் உட்கார்ந்திருந்தா?"

"கோடு."

"நோயாளி எண்?"

பொன்னுரங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கட்டம் காலியாக இருந்தால் சர்வர் அந்த வரியை ஏற்றுக்கொள்ளாது. கோடு இருந்தால் ஏற்றுக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு பிற்பகல் முழுக்க ஆகியிருந்தது. ஐந்து கட்டங்களில் கோடு போடப் பத்து நிமிடம். நேரத்தைச் சர்வரே போட்டுக்கொண்டது. கடைசிக் கட்டத்தில் அவருடைய வாக்கியம். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார். பிறகு என்பது மூன்று மாதமாக வரவில்லை.

தில்லைநாயகி இரண்டு கைகளாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழு கட்டம் எதுக்குன்னு எத்தனை தடவ சொன்னேன் சார்?"

"வரி தெளிவாத்தானே மேடம் இருக்கு? சேமிக்க முடியலைன்னா சேமிக்க முடியலை. முன்னாடியும் இதே வரிதான். பத்து வருஷமா யாருக்கும் புரியாமயா போச்சு? இப்ப மட்டும் அதுக்கு ஊரு, பேரு, குலம், கோத்திரம் எல்லாம் எதுக்கு?"

இத்தனை நாளாக மனதில் இருந்த கேள்வி. கேட்டதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

தில்லைநாயகி, "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க" என்றார்.

மறுநாள் காலையில் அவரை வரவேற்பறையின் பழைய போனுக்கு முன்னால் உட்கார வைத்தார். கூப்பிடுகிறவர்களின் நம்பரைக் காட்டாத போன்.

"ஒன்பது மையத்துக்கும் சொல்லியிருக்கேன். கோளாறுன்னா உங்களைத்தான் கூப்பிடுவாங்க. குறிச்சு வச்சுச் சரி பண்ணிக் கொடுங்க."

"அவ்வளவுதானே" என்றார் பொன்னுரங்கம். புதுப் பேனா ஒன்றை எடுத்து மூடி திறந்து வைத்துக்கொண்டார்.

எட்டு பத்துக்கு மணி அடித்தது.

"சேமிக்க முடியவில்லை, மீண்டும் முயலவும்" என்றது ஒரு பெண்குரல், பாடப் புத்தகம் வாசிப்பதுபோல. வைத்துவிட்டது.

"ஹலோ? எந்த மையம்மா? ஹலோ?"

எட்டு பதினைந்து. ஆண்குரல். "சேமிக்க முடியவில்லை, மீண்டும் முயலவும்."

"சார், சார், வச்சிடாதீங்க. ஊரு எது?"

வைத்துவிட்டார். அடுத்தவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 'முயலவும்' என்பதற்குள் போனுக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. அதற்கடுத்த அழைப்பு ஒரு கட்டைக்குரல், மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டுப் போயிற்று.

எட்டரைக்குள் அவருக்குக் காது சூடாகிவிட்டது.

"யாருங்க பேசறது? உங்களுக்கெல்லாம் வீட்டுல பேரே வைக்கலையா?"

"சேமிக்க முடியவில்லை..."

"அது தெரியுது! எனக்கு அது தெரியுது! எங்கேருந்து பேசித் தொலையறீங்க?"

டீக்குப் போன கூட்டம் கதவருகே நின்றுவிட்டது. "சார் ரயில்வே விசாரணையில சேர்ந்துட்டாரு போல" என்றான் ஒருவன்.

ஒன்பதரை வரை பன்னிரண்டு அழைப்புகள். கடைசி மூன்றுக்கு அவர் ஹலோகூடச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பிலேயே திட்டினார். பேப்பரில் ஒரே வாக்கியம் பன்னிரண்டு தடவை எழுதியிருந்தது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தில்லைநாயகியின் அறைக்குப் போனார்.

"என்ன மேடம் விளையாட்டு இது? வயசுக்காவது மரியாதை வேண்டாமா?"

"எந்த ஊர்ல என்ன கோளாறு சார்?"

"அவங்க சொன்னாத்தானே?"

"தெளிவாச் சொல்லலையா?"

பொன்னுரங்கம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சுருட்டிய பேப்பரைப் பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"சும்மாத்தானே மேடம் பேசினாங்க? யாருக்கும் நிஜமா ஒண்ணும் இல்லையே?"

"எட்டு ஊருக்குச் சும்மாதான். பரமக்குடிக்கு சகாயமேரியையே பேசச் சொன்னேன். வீட்டுலேர்ந்து பேசினாங்க. ஒரே தடவைதான்."

"அந்தப் பொண்ணா? இதுல எத்தனாவது போன்?"

"எனக்கெப்படித் தெரியும் சார்? உங்களுக்குத்தானே வந்துது."

பன்னிரண்டில் ஏழு பெண்குரல்கள். ஒரு குரல் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் வைக்காமல் இருந்தது. அதுவாக இருக்குமோ? இன்னொன்று சளி பிடித்ததுபோல இருந்தது, அழுததாகவும் இருக்கலாம். முதலில் பேசியவரைத் தவிர ஏழு பேரில் ஒருவரையும் அவர் திட்டாமல் விடவில்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

அன்றும் மறுநாள் மத்தியானம் வரையும் அவர் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. கோடுகளை எடுத்தார். ஏழு கட்டங்களும் நிரம்பின. உசிலம்பட்டியில் மூன்றாவது மெஷினில் யார் எந்த நோயாளிக்காக எதை அழுத்தினார்கள், என்ன ஆயிற்று என்பது மதுரையில் ஒரே வரியில் தெரிந்தது. தில்லைநாயகியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லா வந்திருக்கு சார்."

"மார்ச் பதினேழு?"

"அது வராது. அன்னைக்கு அனுப்பினதுதான் இருக்கும்."

"அப்போ அந்தப் பொண்ணு?"

"நாளைக்கு விசாரணை. லாக் அவங்களுக்காக ஒண்ணும் சொல்லப்போறதில்ல. நீங்க சொல்லலாம். ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க. இன்னைக்கே அனுப்பிடலாம்."

பொன்னுரங்கம் கடிதம் எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. மூன்று தடவை கிழித்தார். நான்காவதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

'மார்ச் 17 அன்று காலை 6 முதல் 7 மணி வரை ஒன்பது மையங்களிலுமாக நாற்பத்து மூன்று முறை சேமிப்புக் கோளாறு ஏற்பட்டுள்ளது. திருமதி சகாயமேரி செய்த பதிவும் இவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடும். லாக் வரிகளில் மையத்தின் பெயரும் பணியாளர் பெயரும் இடம்பெறாததால் உறுதி செய்ய இயலவில்லை.'

கீழே அலுவலக முத்திரை மட்டும் இருந்தது.

தில்லைநாயகி இரண்டு தடவை படித்தார்.

"யார் இடம்பெற வைக்கலை?"

"மேடம்..."

"புரோகிராம் தானாக் கோடு போட்டுக்கிச்சா?"

"நிர்வாகத்துல என் பேரைப் பார்த்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். இருபத்திரண்டு வருஷம் மேடம். பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் காலேஜ் இருக்கு."

"சகாயமேரிக்கும் வீடு இருக்கு சார்."

"இல்லேங்கலை. கோளாறு நடந்துதுன்னு எழுதிட்டேனே. கோடு போட்டது யாருன்னு தனியா எழுதணுமா? பொன்னுரங்கம்தான்னு இங்க தெரியாதவங்க யாரு?"

தில்லைநாயகி கடிதத்தை மேசையில் வைத்து அவர் பக்கமாக நகர்த்தினார்.

"இங்க எல்லாருக்கும் தெரியும் சார். கடிதம் பரமக்குடிக்குப் போகுது."